யானை வரும் பின்னே, ஈஎன்எஸ் வரும் முன்னே

“தம்பி, கஸ்டம்ஸ் பேப்பர் எல்லாம் போட்டாச்சு எண்டுதானே சொன்னீங்கள், பிறகென்ன இன்னொண்டு கேக்கிறாங்கள்?”

லண்டன் ஈஸ்ட்ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் போனில் கேட்டது இது. பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் மொத்தக் கடைகளிலிருந்து சரக்கு எடுத்து, கலே வழியாக டோவருக்குக் கொண்டுவருபவர். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வந்த இறக்குமதி அறிவிப்பு, வாட் கணக்கு எல்லாவற்றையும் ஒருவழியாகப் பழகிக்கொண்டார். இப்போது லாரிக்காரர் ‘ஈஎன்எஸ் போட விவரம் அனுப்புங்கள்’ என்கிறார். ஏற்கெனவே கொடுத்த பேப்பரைத்தான் மறுபடி கேட்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். சுங்க கிளியரன்ஸ் வேலையில் இருக்கும் என்னிடம் வாரத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள், அதனால் எல்லோருக்குமாக ஒரே தடவை எழுதிவிடுகிறேன்.

ஈஎன்எஸ் என்பது ‘என்ட்ரி சம்மரி டிக்ளரேஷன்’ என்பதன் சுருக்கம். அரசு மொழியில் இதைப் பாதுகாப்பு அறிவிப்பு என்பார்கள். நீங்கள் ஏற்கெனவே போட்ட இறக்குமதி அறிவிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் நின்றுகொண்டு யார் நீங்கள், எந்த ஊர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று விசாரிப்பார். உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் மொய் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதுவார். இருவரும் உங்கள் பெயரைக் கேட்கத்தான் செய்வார்கள், அதற்காக வாசலில் சொன்னதை வைத்து உள்ளே மொய் எழுதிவிட முடியாது. இறக்குமதி அறிவிப்பு மொய் நோட்டு. பொருள் என்ன, எந்த நாட்டில் செய்தது, விலை எவ்வளவு, அப்படியென்றால் சுங்க வரி எவ்வளவு, வாட் எவ்வளவு என்பதுதான் அதன் கவலை. ஈஎன்எஸ் வாசலில் நிற்கும் ஆள். யார் அனுப்புகிறார், யாருக்குப் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது, எந்த வண்டியில், எந்த வழியாக, எப்போது வந்து சேரும் என்று கேட்கும். சரக்கின் விலை என்ன என்ற கேள்வியே அதில் கிடையாது, அதைக் கவனித்தாலே இரண்டும் வேறு என்பது புரிந்துவிடும்.

முக்கியமான இன்னொரு வித்தியாசம், இது சரக்கு வந்து சேருமுன்பே, சில வகைகளில் சரக்கைக் கப்பலில் ஏற்றுமுன்பே, போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வந்தபிறகு கொடுத்தால் அதனால் பயனில்லை. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த பெரிய பயங்களில் ஒன்று கன்டெய்னர். இன்று ஓடும் பெரிய கப்பல்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட 20 அடிப் பெட்டிகளுக்கான இடம் இருக்கிறது. அதில் எதையெல்லாம் திறந்து பார்ப்பது? எல்லாவற்றையும் திறந்தால் துறைமுகமே நின்றுவிடும். சரி, துறைமுகத்துக்கு வந்தபிறகு திறக்கலாம் என்றால், உள்ளே இருப்பது குண்டு என்றால் அது ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டது. அதனால் பெட்டியைப் பார்க்குமுன் பேப்பரைப் பார்ப்போம், அதுவும் பெட்டி அந்தப்பக்கத் துறைமுகத்தில் இருக்கும்போதே பார்ப்போம் என்று முடிவுசெய்தார்கள். கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு விவரம் வந்தாக வேண்டும் என்ற அமெரிக்க விதி 2002 டிசம்பரில் வந்தது. 2005இல் உலக சுங்க அமைப்பு இதே யோசனையை ‘சேஃப்’ என்ற பெயரில் ஒரு பொதுச் சட்டகமாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்ததால் தூத்துக்குடியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ லண்டனுக்கு வரும் சரக்குக்கு அன்றிலிருந்தே இந்த அறிவிப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. கப்பல் கம்பெனி போட்டுவிடுவதால் கடைக்காரருக்குத் தெரியாது, பில்லில் ஒரு மூலையில் ‘ஈஎன்எஸ் ஃபீ’ என்று ஒரு வரி இருக்கும், அதைத் திட்டிக்கொண்டே கட்டியிருப்பார், அவ்வளவுதான்.

விமானச் சரக்கில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது 2010 அக்டோபர் 29ஆம் தேதி. ஏமனிலிருந்து அமெரிக்காவின் சிகாகோவுக்கு அனுப்பிய இரண்டு பார்சல்கள், இரண்டிலும் பிரிண்டர், பிரிண்டருக்குள் இருக்கும் மை டப்பாவில் வெடிமருந்து. ஒன்று துபாயில் சிக்கியது, இன்னொன்று பிரிட்டனின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில். ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் முதலில் சோதித்தவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. துபாயில் கண்டுபிடித்தபிறகு திரும்பவும் பார்த்ததில்தான் தெரிந்தது. பார்சல் கையில் இருந்தும், சந்தேகப்பட்டுப் பார்த்தும், கண்ணுக்குப் படவில்லை. அவற்றைக் காட்டிக்கொடுத்தது சவுதி உளவுத்துறையிடமிருந்து முன்கூட்டியே வந்த தகவல். அதற்குப் பிறகுதான் விமானத்தில் ஏற்றுமுன்பே அனுப்புநர், பெறுநர், பொருள், எடை போன்ற அடிப்படை விவரங்களை வாங்கிப் பார்க்கும் ஏற்பாட்டை அமெரிக்கா தொடங்கியது. பின்னால் ஐரோப்பாவும் அதே வழியில் போனது.

இனி பிரிட்டன் கதை. ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தபோது, ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்குக்கும் இதே அறிவிப்பு வேண்டும் என்பது திட்டம். ஆனால் டோவரில் லாரிகள் தேங்கி நிற்கும் என்ற பயம். அதனால் முதலில் 2021 ஜூலை என்றார்கள், பிறகு 2022 ஜனவரி, பிறகு 2022 ஜூலை, பிறகு 2023 கடைசி, பிறகு 2024 அக்டோபர் 31. ஒவ்வொரு தடவையும் நாங்கள் பயிற்சிக் குறிப்பு தயார் செய்வோம், தேதி தள்ளிப்போகும், குறிப்பைத் தூக்கி மூலையில் போடுவோம். கடைசியில் 2025 ஜனவரி 31 அன்று நிஜமாகவே வந்துவிட்டது. நான் உட்படப் பலர் அதையும் தள்ளிவைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். நம் ஈஸ்ட்ஹாம் அண்ணனின் பிரச்சினை தொடங்கியது அன்றைக்குத்தான். தள்ளிப்போட்டதில் ஒரு நல்லது நடந்தது. படிவத்தில் இருந்த 37 கட்டங்களில் 20 மட்டும் கட்டாயம், 8 சில சூழ்நிலைகளில் மட்டும் தேவை, மீதி 9 விருப்பப்பட்டால் நிரப்பலாம் என்று குறைத்துவிட்டார்கள்.

யார் கொடுக்க வேண்டும் என்பதில்தான் அதிகக் குழப்பம். சட்டப்படி பொறுப்பு சரக்கைக் கொண்டுவருபவருக்கு, அதாவது கப்பல் கம்பெனி, விமானக் கம்பெனி, லாரி கம்பெனிக்கு. இறக்குமதி செய்பவருக்கு அல்ல. வரி அறிவிப்புக்கு நேர் எதிர். லாரி ஃபெர்ரியில் ஏறி வருகிறது, கூடவே டிரைவரும் வருகிறார் என்றால் பொறுப்பு லாரி கம்பெனிக்கு. டிரெய்லரை மட்டும் ஃபெர்ரியில் ஏற்றிவிட்டு, இந்தப்பக்கம் வேறொரு டிரைவர் வந்து இழுத்துப்போகிறார் என்றால் பொறுப்பு ஃபெர்ரி கம்பெனிக்கு. அவர்கள் தாங்களே போடலாம், இல்லையென்றால் உங்களையோ என்னைப் போன்ற ஏஜென்ட்டையோ போடச் சொல்லலாம். ஆனால் வேறொருவர் போடுவதாக இருந்தால் அது அவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் சம்மதித்த பிறகே நடக்க வேண்டும். இந்தச் சம்மதம் பெயருக்குக் கேட்பது இல்லை, இரண்டு பேரும் தனித்தனியே போட்டுவைப்பதும் இரண்டு பேரும் மற்றவர் போட்டிருப்பார் என்று சும்மா இருப்பதும் நடக்கிற காரியங்கள். இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. நீங்களே சொந்த வேனை ஓட்டிக்கொண்டு பாரிஸ் போய், சொந்தக் கடைக்கு ஒரு வேன் நிறையச் சரக்கு ஏற்றிவந்தால், ‘கொண்டுவருபவர்’ யார்? நீங்கள்தான். லாரி கம்பெனி என்று கைகாட்ட ஆள் இல்லை. இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, ஏனென்றால் தீபாவளிக்கு முன்பு அவரே வேன் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். (மொத்த மதிப்பும் எடையும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாத சரக்கைக் கையோடு கொண்டுவருவதற்குத் தனியாக ஓர் எளிய ஆன்லைன் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு மூன்று பெட்டி கொண்டுவருபவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.) கடிதங்கள், பயணிகளின் சொந்தப் பெட்டி படுக்கை, குழாயில் வரும் எரிவாயு, கம்பியில் வரும் மின்சாரம் இவற்றுக்கெல்லாம் இந்த அறிவிப்பு தேவையில்லை.

பொறுப்பு லாரிக்காரருக்கு என்றால் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீங்களும் அனுப்புபவரும் சொன்னால்தான் உண்டு. நீங்கள் அரைகுறையாகச் சொன்னால் அவர் அரைகுறையாகப் போடுவார், மாட்டுவது உங்கள் சரக்கு.

அடுத்தது நேரம். இது வண்டிக்கு வண்டி மாறும். தூரத்திலிருந்து கப்பலில் வரும் கன்டெய்னருக்கு, அந்தப்பக்கத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு. பெட்டியில் போடாமல் கப்பலின் வயிற்றில் அப்படியே கொட்டிவரும் தானியம், நிலக்கரி போன்றவற்றுக்கு, வந்துசேர 4 மணி நேரம் முன்பு. விமானம் நான்கு மணி நேரத்துக்குள் பறந்து வந்துவிடும் தூரம் என்றால் கிளம்பும் நேரத்துக்குள், அதற்கு மேல் என்றால் வந்திறங்க 4 மணி நேரம் முன்பு. ஐரோப்பாவிலிருந்து குறுங்கடல் தாண்டி வருவதற்கு, வந்துசேர 2 மணி நேரம் முன்பு.

இந்தக் கடைசி விதியில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. கலேயிலிருந்து டோவருக்கு ஃபெர்ரி ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். விதியோ இரண்டு மணி நேரம் முன்பு என்கிறது. அப்படியானால் ஃபெர்ரி கிளம்ப அரை மணி நேரம் முன்பே அறிவிப்பு போயிருக்க வேண்டும். நடைமுறையில் லாரி கலேக்குள் நுழையும்போதே அது முடிந்திருக்க வேண்டும், டிரைவர் துறைமுக கேட் அருகில் நின்றுகொண்டு உங்களுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பிக் கேட்கும் நேரத்தில் அல்ல.

கன்டெய்னர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் ஏற்றப்படுகிறது என்று வையுங்கள். அந்தச் சின்ன ஃபீடர் கப்பல் நேராக இங்கிலாந்துக்கு வருவதில்லை. பெரும்பாலும் கொழும்பில் இறக்கி, அங்கிருந்து பெரிய கப்பலில் மாற்றி ஏற்றுகிறார்கள். 24 மணி நேரக் கணக்கு, பிரிட்டனுக்குள் நுழையப்போகும் அந்தப் பெரிய கப்பலில் ஏற்றுவதை வைத்துத்தான். அப்படியென்றால் கொழும்பு போனபிறகு விவரம் கொடுக்கலாமே என்று தோன்றும். கப்பல் கம்பெனிகள் விடமாட்டார்கள். கொழும்பில் போய் ‘ஏற்றாதே’ என்று உத்தரவு வந்தால் பெட்டி அங்கேயே கிடந்து வாடகை ஏறும் அல்லவா. அதனால் தூத்துக்குடியிலேயே ஒரு கடைசி நேரம் வைத்து வாங்கிவிடுகிறார்கள். ஏற்றுமதி செய்பவர் ‘கட் ஆஃப், கட் ஆஃப்’ என்று நள்ளிரவில் போன் போட்டு உங்கள் முழு முகவரி கேட்பது இதற்காகவும்தான்.

கூடவே இன்னொரு விசித்திரம். அந்தக் கப்பல் முதலில் ராட்டர்டாம் போய்விட்டு அப்புறம் இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு வருவதாக இருந்தால், உங்கள் பெட்டி ராட்டர்டாமில் இறங்காவிட்டாலும், கப்பலிலேயே உட்கார்ந்திருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஒரு அறிவிப்பு போக வேண்டும். ஆக ஒரே பெட்டிக்கு இரண்டு வாசல், இரண்டு விசாரணை.

சரி, படிவத்தில் என்ன கேட்கிறார்கள்? அனுப்புநர் பெயர், முகவரி. பெறுநர் பெயர், முகவரி. எங்கே ஏற்றியது, எங்கே இறங்கும், எந்த வண்டி, எந்தத் தேதி எத்தனை மணிக்கு வரும், எத்தனை பெட்டி, எடை, போக்குவரத்துப் பத்திர எண். இவற்றில் பெரும்பாலானவை இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குப் பத்திரத்திலும் இருப்பவைதான். என் அனுபவத்தில் கோளாறு வருவது மூன்று இடத்தில், அதிலும் முக்கால்வாசி ஒரே இடத்தில்: பொருள் விவரம்.

‘பலசரக்கு’, ‘உணவுப் பொருட்கள்’, ‘ஆசியச் சாமான்கள்’, ‘பல வகை’, ‘உதிரிப் பாகங்கள்’, ‘கிஃப்ட்’. இவையெல்லாம் ஆகாது. படிப்பவர் கண்முன் பொருள் வந்து நிற்க வேண்டும். ‘மிளகாய்த்தூள், சில்லறை பாக்கெட்’ என்றால் வருகிறது. ‘எவர்சில்வர் டிபன் பாக்ஸ்’ என்றால் வருகிறது. ‘பருத்தி பனியன், ஆண்களுக்கு’ என்றால் வருகிறது. முடிந்தால் பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்ணான எச்எஸ் கோடின் முதல் ஆறு இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஆறும் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது என்பதால், திருப்பூரில் எழுதியது லண்டனிலும் புரியும்.

நம்மவர் இன்வாய்ஸ்களில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்று ‘பூஜைச் சாமான்கள்’. ஊதுபத்தி, குங்குமம், வெள்ளிக் கிண்ணம், திரி, சூடம் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. நமக்கு அது ஒரு வரிதான், சாமி மாடத்தில் எல்லாம் ஒரே தட்டில்தானே இருக்கின்றன. ஆனால் சூடம், அதாவது கற்பூரம், தீப்பிடிக்கக்கூடிய திடப்பொருள். செயற்கைக் கற்பூரத்துக்கு ஐநாவின் அபாயப் பொருள் பட்டியலில் 2717 என்று தனி எண்ணே இருக்கிறது, வகுப்பு 4.1. கப்பலிலும் விமானத்திலும் அதை எப்படிக் கட்ட வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனி விதிகள். ‘பூஜைச் சாமான்கள்’ என்று எழுதி அதை உள்ளே வைத்து அனுப்பினால், அனுப்பியவர் பக்திமான்தான் என்றாலும், பேப்பரைப் பார்ப்பவருக்கு அது அபாயப் பொருளை மறைத்து அனுப்பியதாகத்தான் தெரியும். மொத்தப் பெட்டியும் நிற்கும், கூடவே பக்கத்துக் கடைக்காரர் சரக்கும் அதே கன்டெய்னரில் இருந்தால் அதுவும் நிற்கும். வரிவரியாகப் பிரித்து எழுதுங்கள், சூடத்தை ஏற்றும் முன் ஃபார்வர்டரிடம், அதாவது சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவரிடம், தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது கோளாறு எடை. இங்கே கேட்பது பேக்கிங்கோடு சேர்ந்த மொத்த எடை, ஆனால் கன்டெய்னரின் எடை சேராது. 2016 ஜூலை முதல் கப்பலில் ஏற்றுமுன் கொடுக்கும் ‘விஜிஎம்’ எனப்படும் சரிபார்த்த மொத்த எடையில் கன்டெய்னரும் சேரும். இந்த இரண்டு எண்ணையும் மாற்றிப்போட்டு அனுப்பிய பேப்பர்கள் எத்தனையோ. மூன்றாவது கோளாறு பெறுநர். வங்கி மூலம் பணம் கைமாறும் வியாபாரங்களில் பில் ஆஃப் லேடிங்கில் பெறுநர் இடத்தில் ஆள் பெயர் இல்லாமல் ‘டு ஆர்டர்’ என்று மட்டும் இருக்கும். அப்போது சரக்கு வந்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற ‘நோட்டிஃபை பார்ட்டி’ விவரம் அவசியமாகிறது. வாசலில் இருப்பவருக்கு யாராவது ஒரு மனிதரின் பெயர் வேண்டும்.

பல கடைகளின் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும்போது நிலைமை இன்னும் சிக்கல். கப்பல் கம்பெனியிடம் இருப்பது மொத்தக் கன்டெய்னருக்குமான மாஸ்டர் பில் மட்டும். அதில் அனுப்புநரும் ஒரு ஃபார்வர்டர், பெறுநரும் ஒரு ஃபார்வர்டர், பொருள் ‘கன்சாலிடேஷன்’. உள்ளே யார் யாருக்கு என்ன என்பது ஃபார்வர்டரின் ஹவுஸ் பில்லில்தான் இருக்கிறது. பாதுகாப்பு பார்ப்பவர்களுக்கு வேண்டியது அந்த உள்விவரம். அதனால் ஃபார்வர்டர் உங்களைத் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

அனுப்பும் வழி இப்படி. பிரிட்டனுக்குள் வரும் சரக்குக்கு அறிவிப்பு போடுபவரிடம் ‘ஜிபி’ என்று தொடங்கும் ஈயோரி எண், அதாவது சுங்கப் பதிவு எண், இருக்க வேண்டும். பிறகு அரசின் ஆன்லைன் கணக்கு வழியாக, பிரிட்டனின் வரித்துறையான எச்எம்ஆர்சியின் ‘எஸ் அண்ட் எஸ் ஜிபி’ என்ற சேவையில் பதிவுசெய்ய வேண்டும். அதற்குள் நேராக உட்கார்ந்து தட்டச்சு செய்யலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், இந்தச் சேவையோடு பேசத் தெரிந்த ஒரு மென்பொருள் வேண்டும், அல்லது துறைமுகத் தகவல் அமைப்பு ஒன்றின் வழியாகப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு வண்டி கொண்டுவரும் கடைக்காரர் இதற்காக மென்பொருள் வாங்குவது என் பார்வையில் வீண் செலவு. லாரிக்காரரோ ஏஜென்ட்டோ போடட்டும், நீங்கள் விவரத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள். தினம் பத்து வண்டி என்றால் கதை வேறு.

விவரம் போனதும் பதில் வரும். ஏதாவது கட்டம் தவறு என்றால் நிராகரிப்பு வரும், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் எம்ஆர்என் என்ற எண் வரும், 18 எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று, முதலில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அடுத்து ‘ஜிபி’. இதில் ஒரு குழி இருக்கிறது, விழாதவர்கள் குறைவு. வரிக்காகப் போடும் இறக்குமதி அறிவிப்புக்கும் எம்ஆர்என் வரும், அதுவும் பார்க்க அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும். டோவர் வழியாக வரும் லாரிக்கு ஜிவிஎம்எஸ் என்ற சரக்கு வண்டிப் பதிவு அமைப்பில் பதிவுசெய்து ஒரு நுழைவு எண் எடுக்க வேண்டும், அதில் இறக்குமதி அறிவிப்பின் எம்ஆர்என்னைப் போட வேண்டிய இடத்தில் ஈஎன்எஸ்ஸின் எம்ஆர்என்னைப் போட்டுவிட்டு, ஏன் ஃபெர்ரிக்காரர் ஏற்றமாட்டேன் என்கிறார் என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இப்போதெல்லாம் மின்னஞ்சல் தலைப்பிலேயே ‘வரி’, ‘வாசல்’ என்று எழுதித்தான் இரண்டையும் அனுப்புகிறேன்.

எம்ஆர்என் வந்துவிட்டது என்றால் ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்று பொருள் இல்லை, ‘உங்கள் அறிவிப்பு கிடைத்தது’ என்றுதான் பொருள். அதன்பிறகுதான் உள்ளே அலசல் நடக்கும். தூரக் கப்பல் கன்டெய்னரில் பெரிய ஆபத்து தெரிந்தால் ஏற்றவே கூடாது என்று உத்தரவு வரலாம். மற்றபடி இறங்கும் இடத்தில் எல்லைச் சோதனை செய்யும் பார்டர் ஃபோர்ஸ் நிறுத்திப் பார்க்கும். பெரும்பாலான சரக்குக்கு எதுவுமே நடக்காது, ஒரு சத்தமும் வராது. அது நல்ல செய்தி.

இடையில் மாற்றம் வந்தால்? வரும். 40 பெட்டி என்று சொல்லியிருப்பார்கள், ஏற்றும்போது 37தான் இருக்கும். சரக்கு வந்துசேரும்வரை, அல்லது சோதனைக்கு எடுக்கப்போகிறோம் என்று அவர்கள் சொல்லும்வரை, திருத்தலாம். அவர்கள் சொன்னபிறகு திருத்த முடியாது, அது நியாயம்தானே.

மற்ற நாடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஐசிஎஸ்2 என்ற புது அமைப்புக்கு மாறிவிட்டது. 2021 மார்ச்சில் விமானப் பார்சலில் தொடங்கி, 2023இல் மொத்த விமானச் சரக்கு, 2024 ஜூனிலிருந்து கப்பல், 2025இல் சாலையும் ரயிலும் என்று படிப்படியாக வந்தது. அங்கே ஆறு இலக்க எச்எஸ் கோடு கட்டாயம். ஃபார்வர்டர் தன்னிடமுள்ள ஹவுஸ் பில் விவரத்தைக் கப்பல் கம்பெனிக்குக் காட்டாமல் நேராகவே அனுப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கப்பல் சரக்குக்கு ‘10 பிளஸ் 2’ என்று ஒன்று உண்டு, பத்து விவரம் இறக்குமதி செய்பவர் கொடுக்க வேண்டும், இரண்டு கப்பல் கம்பெனி. அங்கே தாமதித்தாலோ தவறாகக் கொடுத்தாலோ ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர்வரை அபராதம் இறக்குமதியாளர் தலையிலேயே விழும். நியூஜெர்சியில் கடை வைத்திருக்கும் உறவினர் யாராவது உங்கள் பேச்சைக் கேட்டு ‘அது கப்பல்காரன் வேலை’ என்று இருந்துவிடப் போகிறார், சொல்லிவையுங்கள்.

நம் அண்ணன் இப்போது லாச்சப்பல் மொத்தக் கடைக்காரரிடம் இன்வாய்ஸைப் பொருள்வாரியாக அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். முதல் பேப்பர் போன வாரம் வந்தது. அரிசி மா, கறித்தூள், நல்லெண்ணெய் என்று முழு ஒரு பக்கம், கடைசி வரியில் ‘இதர சாமான் 6 பெட்டி’. அந்த ஆறு பெட்டியில் என்ன என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.